கோட்டைச் சிறையில் நான்கு மாதம்

சீகன்பால்கு என்ற பெயரைச் சமூக அறிவியல் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்போம். தரங்கம்பாடிக்கு வந்தார், அச்சுக்கூடம் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த மனுஷர் எவ்வளவு தனியாகக் கிடந்தார் என்பதைப் பாடம் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ல் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. பையனுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோனார். அந்த அம்மா சாகும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு பெரிய புதையல் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றாராம். எங்கே என்று பிள்ளைகள் கேட்க, பைபிளில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்து வைத்திருக்கிறேன் என்றாராம். நகை நட்டு எதுவும் இல்லை, இதுதான் சொத்து. கொஞ்ச நாளில் அப்பாவும் போய்விட்டார். அக்காதான் வளர்த்தார். உடம்பும் பலவீனம், வயிற்று நோய் அடிக்கடி வரும். அதனால் படிப்பு பாதியில் நின்று நின்று நடந்தது.

அப்படிப்பட்டவரைத்தான் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் இந்தியாவுக்கு அனுப்பினார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ் கம்பெனி கையில் இருந்தது. கூட வந்தவர் புளுட்சோ. 1705 நவம்பரில் கப்பல் ஏறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே கிடந்து, 1706 ஜூலை 9-ல் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை வாங்க என்று கூப்பிட ஆள் இல்லை! ராஜா அனுப்பினாலும் கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் காக்க வைத்து, கடுகடுப்பாகப் பேசி அனுப்பிவிட்டார். தெரியாத ஊர், தெரியாத பாஷை, தங்க இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். விடுதியில் முதல் நாள் பெட்டியோடு நின்ற அக்காக்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பிறகு அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வயதான தமிழ் வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் படித்தார். இருபத்து நாலு வயது வெள்ளைக்காரர்! பல பாஷை தெரிந்த அழகப்பன் என்பவரும் துணையாக இருந்தார். இரண்டே வருடத்தில் தமிழ்ச் சுவடிகளாகச் சேர்த்துக் குவித்துவிட்டார். நாம் மனப்பாடம் செய்யாமல் திட்டு வாங்குகிற கொன்றை வேந்தனையும், உலகநீதி, நீதிவெண்பாவையும் 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பெண் பிள்ளைகளுக்கென்று 1707-லேயே பள்ளி தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். ஒரு மாதம்தான் ஆனது, சிறைக்குப் போனார். காரணம் ஒரு விதவை. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மனைவி. புருஷன் இறந்த பிறகு ஒரு கடன் தகராறில் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. எதிராளி கம்பெனியில் வேலை பார்த்தவர். சீகன்பால்கு அந்த அம்மாவுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். ஹாசியஸுக்குக் கோபம் வந்து விசாரணைக்கு வரச் சொன்னார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள், வருகிறேன் என்றார் இவர். உடனே ஆட்களை அனுப்பிப் பிடித்துக்கொண்டு போய் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். 1708 நவம்பர் 19 முதல் 1709 மார்ச் 26 வரை நான்கு மாதத்துக்கு மேல்.

யோசித்துப் பாருங்கள். ஜன்னல் வழியே கேட்பது அலைச்சத்தம் மட்டும்தான். ஊரிலிருந்து ஒரு கடிதம் வரவே பல மாதம் ஆகும். அடைத்தவர்களும் அவர் மதத்துக்காரர்களே! அது இன்னும் வலிக்கும் இல்லையா? முதலில் பேனா, மைகூடக் கிடைக்கவில்லை. அப்போது அம்மா சொன்ன அந்தப் புதையல்தான் அவரிடம் இருந்தது. வேதம் வாசித்தார், ஜெபம் செய்தார், பாடினார். பயமே இல்லாத வீரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் துக்கம் இருந்தது, உடம்பும் தளர்ந்தது. ஆனால் இயேசுவும் பாடு பட்டவர், நம்மைத் தனியாக விடமாட்டார் என்று நம்பினார். அந்த நம்பிக்கை கதவைத் திறக்கவில்லை, மனசைத்தான் கொஞ்சம் திறந்துவிட்டது. எழுதக் கிடைத்ததும் சும்மா இருக்காமல் இரண்டு நூல்கள் எழுதினார்.

வெளியே வந்ததும் பழைய வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு முடிந்தது. ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரிசு, தாள் ஏகமாய்ச் செலவானது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், ஈயத்துக்குப் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களை உருக்கினார்களாம்! 1715-ல் புத்தகம் வந்தது. தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். நடுவில் ஐரோப்பா போய், மரியா டோரத்தியாவை மணந்து 1716-ல் திரும்பினார்.

கடைசிக் காலத்தில் வந்த அடி கோட்டையிலிருந்து வரவில்லை, கடிதத்தில் வந்தது. கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த வென்ட், கட்டடங்களுக்கு ஏன் இவ்வளவு செலவு, அப்போஸ்தலர்கள் இப்படியா செய்தார்கள் என்று கடுமையாக எழுதினார். எதிரி திட்டினால் தாங்கலாம், நம்ம ஆளே திட்டினால்? ஏற்கெனவே நோயாளி, படுத்துவிட்டார்.

1719 பிப்ரவரி 23. நண்பர் குருண்ட்லர் பக்கத்தில் இருந்தார். நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினார்கள். சூரியன் நேரே முகத்தில் அடிப்பதுபோல் வெளிச்சமாக இருக்கிறது என்று கண்ணைக் கையால் மறைத்தாராம். வயது 36. அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயம் திறந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி