மலையேறிய பாப்பரசர்

தூத்துக்குடி மேற்றிராசனத்தை 1923-ல் ஏற்படுத்தியவர் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பனிமலைகளில் ஏறியவர் என்பது தெரியுமா?

வட இத்தாலியில் தேசியோ என்னும் ஊரில் 1857-ல் பிறந்தார். இயற்பெயர் அக்கில்லே ராத்தி. 1879-ல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் மிலான் நகரத்து அம்புரோசிய நூல்நிலையத்தில் பணிபுரிந்தார். ஓய்வு கிடைத்தால் மலையே அவருக்கு விருப்பம்.

1889 ஜூலையில் மோந்தே ரோசா மலையின் கிழக்குப் பக்கமாக ஏறினார். சிகரத்தின் உயரம் 4,634 மீட்டர். 1881-ல் மாரினெல்லி என்பவரும் வழிகாட்டிகள் இருவரும் பனிச்சரிவில் மாண்டது இப்பக்கத்திலேதான். ஆகையால் வெயிலில் பனி இளகுமுன் ஆபத்தான இடத்தைக் கடக்க வேண்டி, கிராசெல்லி சுவாமியாரோடும் வழிகாட்டிகளோடும் இரவிலேயே புறப்பட்டார்.

சிகரத்தை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர்கள் இருட்டில் இறங்கத் துணியவில்லை. குறுகலான பாறை விளிம்பில், கடுங்குளிரில், உறங்காமல் விடியலுக்குக் காத்திருந்தார்கள். மறுநாள் சும்ஸ்டைன் கணவாயைக் கடந்து மறுபக்கம் சுகமாய் இறங்கினார்கள். அக்கணவாயை முதன்முதல் கடந்தவர்கள் அவர்களே.

1922-ல் பாப்பரசரான பின்னும் மலையை அவர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே அர்ச். பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 1939-ல் காலமானார்.

பெற்றோரே, இவ்வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆபத்தை நாடி ஓடுவது தைரியமல்ல. வேளையறிந்து புறப்படுவதும், நிற்கவேண்டிய இடத்தில் பொறுமையாய் நிற்பதுமே தைரியம்.