கடலைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்

 

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால், இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு தமிழர் உலகப் புகழ் பெற்றார். அவர்தான் சர் சி. வி. இராமன்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஓர் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்கவே, கடலோரத்தில் வளர்ந்தார் இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் தங்கப் பதக்கம் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக அவர் உடல்நிலை இடம் தரவில்லை. 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியானார். நல்ல சம்பளம். வேறொருவராக இருந்தால் அதோடு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இவரோ ஆபீஸ் நேரம் போக, காலையிலும் இரவிலும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் அந்த உத்தியோகத்தையும் உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்து சென்று 'நார்க்குண்டா' என்ற கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனத்தைப் பறித்தது. வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று பெரிய விஞ்ஞானியான ரேலி பிரபு முன்பே விளக்கம் சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னதாயிற்றே என்று இராமன் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த சிறு பட்டகத்தால் நீர்மேல் பிரதிபலிக்கும் ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் அழகாகத் தெரிந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று இன்று நாம் அறிவோம்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் உழைத்தார். மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் துணை நின்றார். திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்பதை 1928 பிப்ரவரி 28-இல் உறுதி செய்தார். எந்தப் பொருளோ அதற்கேற்ற மாற்றம்; மனிதனுக்குக் கைரேகை போல! இதுவே இராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு தேடி வந்தது.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்னு கேட்பீங்க. சொல்கிறேன்.

போர்க்காலத்தில் கடலில் கண்ணிவெடிகளை மிதக்கவிடுவார்கள். போர் முடிந்தாலும் அவை போவதில்லை. 2022 மார்ச்சில் கருங்கடலிலிருந்து ஒரு கண்ணி துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணை வரை மிதந்து வந்தது. மீன்பிடிப் படகு மோதினாலும் கதை முடிந்தது. ரேடார் அலை தண்ணீருக்குள் போகாது. ஒலி அலை போகும். ஏதோ உருண்டையாக இருக்கிறது என்று சொல்லும். பாறையா, எண்ணெய்ப் பீப்பாயா, கண்ணியா? அதை நிச்சயம் செய்ய ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்து முக்குளிக்க வேண்டியிருந்தது.

1960-இல் லேசர் பிறந்தது. கடல் எந்த நிறத்தை விழுங்காமல் விடுகிறதோ அந்த நீலப்பச்சை ஒளியையே இதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து பச்சை லேசர் நொடிக்குப் பலமுறை துடித்துக் கடலுக்குள் பாயும். எதிரொளி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரியும். விடியற்காலைப் பனியில் டார்ச் லைட் அடித்தால் வெளிச்சம் நம் கண்ணையே கூசச் செய்கிறதல்லவா? கலங்கிய நீரும் அப்படித்தான். அதனால், குறிப்பிட்ட ஆழத்திலிருந்து ஒளி வந்து சேரும் அந்தக் கணத்தை மட்டும் பிரித்துப் படம் பிடிப்பார்கள். கண்ணியின் உருவமோ அதன் நிழலோ தெரியும். இப்படிப்பட்ட கருவியை அமெரிக்கக் கடற்படை 2016-இல் பணியில் சேர்த்தது. ஆனாலும் சேற்று நீரில் ஒளி அதிக தூரம் போகாது. அங்கே ஒலிதான் துணை.

இராமன் விளைவுக்கும் இங்கே வேலையுண்டு. பச்சை லேசர் தண்ணீரில் பட்டால் சிறிதளவு ஒளி சிவப்பாக மாறித் திரும்பும். 1990-களில் அமெரிக்காவில் ஆகாயத்திலிருந்து கடலாழம் அளந்த ஷோல்ஸ் என்ற கருவி, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தச் சிவப்பொளியைக் கொண்டும் அறிந்தது. வெடிமருந்து எது என்று தொடாமலே கண்டுபிடிக்கவும் இராமன் விளைவு உதவுகிறது.

பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் கடைசிவரை உழைத்த இராமன், 1970 நவம்பர் 21-இல் காலமானார். அவர் கண்ணிவெடியைத் தேடியவரல்லர். கடலின் நிறத்துக்குக் காரணம் தேடியவர். ஆனால் ஒளியும் நீரும் சேரும்போது என்ன நடக்கிறது என்ற அந்த அறிவு, நூறு ஆண்டு கழித்து முகம் தெரியாத மாலுமிக்கும் மீனவனுக்கும் காவலாக நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்டால், வாயை மூடு என்று சொல்லாதீர்கள். மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். பதில் சொல்லப் படிப்பது பரீட்சைக்கு உதவும்; கேள்வி கேட்கப் படிப்பது உலகத்துக்கே உதவும். கேளுங்கள், வளருங்கள்!