முதற் பராந்தக சோழரும் குடவோலையும்

தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த திருப்பணியால் சைவ உலகம் என்றும் போற்றும் பெருவேந்தர் முதற் பராந்தக சோழர். ஆதித்த சோழரின் மைந்தராகிய இவர் 907ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். பாண்டியரை வென்று, மதுரை கொண்டவர் என்னும் விருதினைப் பூண்டார். இவர்தம் பொற்பணியை இவருடைய திருமகனார் கண்டராதித்தர் ஒன்பதாம் திருமுறையிலுள்ள தம் திருவிசைப்பாவில் பாடிப் பரவினார். அன்பர் பலரும் அறிந்த இப்பெருமையோடு உடன்வைத்து எண்ணத்தக்கது, இவர் ஆட்சியில் உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் பொறித்த முறையாகும்.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள அவ்வூர் பெரியதோர் அந்தணர் ஊர். ஏரியும் தோட்டமும் பொன்னும் ஆண்டுதோறும் வாரியத்தார் கையில் ஒப்புவிக்கப்பெற்றன. அவ்வாரியத்தாரை அரசர் தம் ஆணையால் அமர்த்தியிருக்கலாம். அவரோ தம் அதிகாரியை அனுப்பிச் சபையாருடன் இருக்கச் செய்தார். சபையாரே 919ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். ஈராண்டிற்குள் அதனைத் திருத்தி 921இல் மீண்டும் பொறித்தனர். குடவோலை பராந்தகர் புதிதாய்க் கண்டதன்று. அகநானூற்றுக் காலத்திலேயே தமிழர் அறிந்தது. அதனைப் பழுதறத் திருத்தியதே இவர் காலத்துச் சிறப்பு.

திருத்திய விதிப்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதினராய், மறை கற்றவராய் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கார்க்கு அரைக்கால் வேலியே அமையும். முன் மூன்றாண்டுகளில் வாரியம் செய்தார் பெயர் குடத்தில் புகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் புகாது; அவர்தம் உறவினர் பெயரும் புகாது. நிலமில்லாதார்க்கும் மகளிர்க்கும் அக்குடத்தில் இடமில்லை என்பதும் இங்கு மறைக்கத்தக்கதன்று.

குடும்புகள் முப்பது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்திலிடுவர். இளையோரும் முதியோருமாகச் சபை கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் உள்மண்டபத்தில் அமர்ந்திருப்பர். அவருள் மூத்தவர் மேல்நோக்கியவாறே யாவரும் காணக் குடத்தை ஏந்தி நிற்பர். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் அவனே ஓர் ஓலையை வாங்கி நடுவர் கையில் கொடுப்பான். நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிப்பர். நம்பிமார் அனைவரும் வாசித்தபின்னரே அப்பெயர் எழுதப்பெறும். இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வற்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். அவர் பணிக்காலம் முந்நூற்றறுபது நாள்.

தகுதியை அறிவு ஆராய்ந்தது. தகுதியுடையாருள் ஒருவரைத் தெரிவதை மட்டும் குடம் ஏற்றது. ஆதலின் செல்வரின் செல்வாக்கும் சுற்றத்தாரின் பரிந்துரையும் பகைவரின் சூழ்ச்சியும் சிறுவனின் கையை எட்டவில்லை. பொறுப்பு நீங்கியவர் கணக்கு ஒப்புவித்தாலன்றி மறுமுறை குடத்தை அணுகவும் இயலவில்லை.

949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் மூத்த மைந்தர் இராசாதித்தர் யானைமேலிருந்து வீழ்ந்தார். தொண்டை நாடு இராட்டிரகூடர் வயமாயிற்று. பெரிய வெற்றிகளோடு தொடங்கிய ஆட்சி இழப்பில் முடிந்தது. வாள் கொண்ட நாடு கைவிட்டுப் போயினும், சபை பொறித்த விதி உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் நிற்கின்றது. பொதுப்பொருளைக் கையேற்போர் தூய கையினராய் ஏற்று, தூய கணக்கோடு ஒப்புவித்தல் வேண்டும் என்பதே பராந்தகர் காலம் நமக்கு வைத்துச் சென்ற செல்வமாகும்.