நம்ம சோத்தை எடை போட்டவர்

கலோரி ஆப் இல்லாத போன் இப்போ ஹாஸ்டல்ல கம்மி. சாம்பார், கேப்பைக்களி, மீன் குழம்புன்னு எதை டைப் பண்ணாலும் ஒரு நம்பர் வருது. இந்தியச் சாப்பாட்டுக்கு இப்படி நம்பர் போட்டதுல முக்கியமான ஆள் வாலஸ் ஏக்ராய்ட். பிறந்தது 1899, அயர்லாந்து. டாக்டருக்குப் படிச்சவர்.

முதல்ல கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். அங்க மீனவக் குடும்பங்கள் குளிர்காலம் பூரா வெள்ளை மாவு ரொட்டியை வச்சே ஓட்டுவாங்க. வயிறு நிறையும், ஆனா கால் வலுவிழந்து பெரிபெரி வரும். சாப்பிட்டும் நோய் வருதேங்கிற அந்தக் கேள்வி அவரை விடல. 1935-ல் குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு இயக்குநரா வந்தார்.

லேப்ல உட்கார்ந்து மட்டும் வேலை நடக்கல. அவருடைய குழு தென்னிந்தியக் கிராமங்களுக்குத் தராசோட போச்சு. நம்ம வீட்டுச் சமையல் எல்லாமே கண்ணளவு, கையளவு, உழக்கு. அதைக் கிராம்ல எப்படிப் பிடிக்கிறது? சமைக்கிறதுக்கு முன்னாடியே அரிசி, பருப்பு, எண்ணெயை எடை போட்டாங்க. வீட்டுல எத்தனை பேர், என்ன வயசுன்னு எழுதினாங்க. பெரிய ஆம்பளையை 1-ன்னு வச்சு, மத்தவங்களை அதுல ஒரு பங்கா கணக்குப் போட்டு வகுத்தாங்க. (சமைச்சவங்க கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு இந்த வகுத்தல்ல தெரியாது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல.)

1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வெளிவந்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,600 கலோரின்னு அளவு வச்சார். இளைக்கிறதுக்காக இல்ல, யாருக்குச் சோறு பத்தலன்னு கண்டுபிடிக்க. பிறகு பல பதிப்பு வந்துச்சு. குன்னூர் கூடமும் 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிடுச்சு.

அந்த மாதிரி அட்டவணையில் பெரும்பாலும் சமைக்காத பொருளோட கணக்குதான் இருக்கும். 100 கிராம் அரிசி சுமார் 345 கலோரி. அதுவே தண்ணி குடிச்சு சோறாகிட்டா 100 கிராமுக்கு 120, 130 தான். இது தெரியாம தட்டுல இருக்கிற சோத்தை எடை போட்டு 345-ஆல பெருக்கிப் பயந்துடாதீங்க. ராம்நாட்டுக்காரங்களுக்கு இன்னொண்ணு: தேங்காய் அரைச்ச மீன் குழம்புல மீனைக் குறை சொல்லாதீங்க. கொழுப்பு குறைஞ்ச மீன் 100 கிராமுக்கு 100 கலோரி பக்கம்தான் வரும், தேங்காய் 440-ஐத் தாண்டும்.

அரிசியையும் அவர் விடல. மில்லுல தீட்டின பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்துல பெரிபெரி இருந்துச்சு. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் தப்பிச்சுது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற தயமின் உள்ள இறங்கிடுது, தீட்டினாலும் முழுசா போகாது. புழுங்கலரிசியை மட்டமா பேசுறவங்க இதை ஒருதரம் படிக்கலாம்.

1943-ல் வங்கப் பஞ்சம். அடுத்த வருஷம் அமைச்ச விசாரணைக் கமிஷன்ல ஏக்ராய்டும் உறுப்பினர். எத்தனை பேர் செத்தாங்கன்னு கணக்குப் போட்ட பொறுப்பு அவருடையது. 1945 அறிக்கையில வந்த எண் 15 லட்சம். அப்பவே பலர் அதை ஏத்துக்கல. பின்னாடி அமர்த்தியா சென் போட்ட கணக்கு சுமார் 30 லட்சம்.

1946-லிருந்து 1960 வரை ஐ.நா. உணவு வேளாண் அமைப்புல ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவரா இருந்தார். 1974-ல் பஞ்சங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். 15 லட்சம்ங்கிறது குறைவுதான்னு அதுல அவரே ஒத்துக்கிட்டார். 30, 40 லட்சம்ங்கிறதை மட்டும் கடைசி வரை ஏத்துக்கல. கிராமத்துல பதிவான சாவுகளை வச்சுத்தான் அந்தக் கணக்கு நின்னது. சோறு தேடி ஊரை விட்டுக் கிளம்பி ரோட்டோரமா விழுந்தவங்க அதுல சரியா வரல.