உதயகிரியில் உறங்கும் வலிய கப்பித்தான்

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் பேருந்தில் செல்வோர், தக்கலை வருவதற்குச் சற்று முன் புலியூர்க்குறிச்சியில் ஒரு குன்றைச் சுற்றி வளைத்து நிற்கும் கருங்கல் மதிலைப் பார்த்திருப்பார்கள். அதுவே உதயகிரிக் கோட்டை. கோட்டையின் உள்ளே, கூரை இழந்த ஒரு சிற்றாலயத்தில் சில கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து போராட வந்து, தோற்று, கைதியாகி, வென்றவனுக்கே படைத்தலைவனாகி, இந்த மண்ணிலேயே குடியேறி மறைந்த ஒரு மனிதரின் கல்லறை அது. அவர் பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் தே லனோய். நம் மக்கள் வாயில் அது டிலனாய் ஆயிற்று. அக்காலத்தார் அவரை வலிய கப்பித்தான் என்றே அழைத்தனர்.

லனோய் என்பது பிரான்சின் வடகோடியில், லில் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டோர் பலர் பல திசைகளுக்கும் சென்றனர். அவர்களுள் பிலிப் தே லனோய் என்ற இளைஞர் ஹாலந்தின் லெய்டன் நகரில் பிறந்து, 1621-ஆம் ஆண்டு 'பார்ச்சூன்' என்னும் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் போய் இறங்கினார். 1637-இல் அங்கு நடந்த போருக்குத் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தார். நிலம் பெற்றுக் குடியானவராக வாழ்ந்தார். அவர் வழியினரின் பெயர் நாளடைவில் டெலனோ எனத் திரிந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் தாய் இக்குடும்பத்தவரே. லெய்டன் ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து வெள்ளை மாளிகை வரை அந்த வம்சத்தைத் தடம் பிடித்து எழுதிவிட்டார்கள். பெயர் ஒன்றாயிருப்பதால் நம் டிலனாயும் அவர்களுக்கு உறவினர் என்று சொல்லிவிடுவது சரியன்று. பெயரொற்றுமை வேறு, இரத்த உறவு வேறு. நம்மவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் ஏடுகளைப் புரட்டுமுன் உதயகிரிக்கு வந்து கல்லைப் படிக்க வேண்டும்.

அவர் வந்த கதை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்ததே. மிளகு வாணிகத்தில் யார் கை ஓங்குவது என்பதில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கும் பகை மூண்டது. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கிக் கடற்கரையில் அரண் அமைத்தது. மன்னரின் படை அதை முற்றுகையிட்டது. அரணுக்குள் வெடிமருந்து தீப்பற்றி வெடித்து, இருந்த அரிசியும் எரிந்து போயிற்று. 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர் சரணடைந்தனர். ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இந்திய மன்னர் ஒருவரிடம் தோற்ற பெருந்தோல்வி அது. குளச்சலில் இன்றும் வெற்றித்தூண் நிற்கிறது.

சிறைப்பட்டவர்களுள் டிலனாயும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு அளவில் இருக்கும். மார்த்தாண்ட வர்மர் ஆளை எடைபோடத் தெரிந்தவர். கைதியைக் கொல்லாமல் தம் வீரர்களுக்குப் பயிற்சி தரும்படி பணித்தார். முதலில் ஒரு சிறு பிரிவுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார் டிலனாய். அது மன்னருக்குப் பிடித்துப் போயிற்று. படிப்படியாகப் படை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டு, அங்கே பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டியவரும் அவரே. காயங்குளமும் அம்பலப்புழையும் தெக்கும்கூரும் வடக்கும்கூரும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்ந்தன. வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட மண்ணரணை அமைக்கும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது அந்த அரணில்தான்.

இவ்வளவு செய்தவரும் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அடியெடுத்து வைக்க முடியவில்லை. கிறிஸ்தவர் என்பதால் அக்கால ஆசாரம் அவரை வெளியே நிறுத்தியது. உதயகிரியே அவருக்கு வீடு, பாசறை, ஆலயம் எல்லாம். கோட்டையிலிருந்து அரண்மனை நடந்துபோகும் தூரந்தான்!

அந்த அரண்மனை அலுவலர் ஒருவர் அவரோடு நெருங்கிப் பழகினார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அவர். கால்நடைகள் மடிந்தும் உடைமைகள் அழிந்தும் மனமுடைந்திருந்த அவருக்கு, விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிற்று. 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைபிடிக்கப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு, அடியும் மிளகாய்ப் புகையும் பட்டார். தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் முட்டிடிச்சான்பாறை, உதயகிரிக் கோட்டை இருக்கும் இதே புலியூர்க்குறிச்சியில்தான் உள்ளது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் மன்னரின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

இந்த இடத்தில் எனக்கு மேலே எழுத ஓடவில்லை. அந்நாட்டுப் படைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் டிலனாய். மனம் மாறத் தூண்டியவரும் அவரே. நண்பரைப் பலிகொண்ட அரசுக்கு அதன் பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் ஊழியம் செய்தார். கோழை என்று அவரைத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. போர்க்கைதியாக வந்தவருக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன? கொடுத்த வாக்கைக் கைவிடுவதும் அவர் இயல்பில் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டைக்குள் அவர் கழித்த இரவுகளை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

1758-இல் மார்த்தாண்ட வர்மர் காலமானார். அடுத்து வந்த தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மரும் டிலனாயையே நம்பியிருந்தார். அக்காலத்தில் மலைக்குக் கிழக்கே களக்காட்டுப் பகுதி யாருக்குரியது என்பதில் திருவிதாங்கூருக்கும் ஆற்காட்டு நவாபு தரப்பினருக்கும் ஓயாத பூசல். டிலனாயின் மகன் யோஹான்னஸ் தந்தை வழியே படையில் சேர்ந்திருந்தார். 1765-இல் களக்காட்டுப் போரில் அந்த இளைஞர் உயிர் இழந்தார். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். தாம் பிறந்த நாடு அல்லாத ஒரு நாட்டின் எல்லைக்காக மகனைக் கொடுத்தார் தந்தை. மகனுக்கோ இதுவே சொந்த நாடு, வேறு நாடு அவர் அறியார். அதை அன்று யாரேனும் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ!

மகனை அடக்கம் செய்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 1777 ஜூன் 1-இல் உதயகிரியில் உயிர் நீத்தார். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் உண்மையோடு மன்னருக்கு உழைத்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கினார் என்றும் கல் கூறுகிறது. அறுபத்திரண்டு வயது என்று கல் தரும் கணக்கை வைத்தே அவர் பிறப்பு 1715-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று கொள்கிறோம். நண்பரின் அடக்கமோ கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில். அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15-இல் புனிதர் என அறிவித்தார்.

கோட்டையைப் பார்க்கச் செல்லும் தோழியர், அப்படியே பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போய் வாருங்கள். டிலனாய் மன்னர் முன் சரணடையும் காட்சியைத் தீட்டிய ஓவியம் அங்கே இருக்கிறது. உயிரோடிருக்கையில் அவர் நுழைய முடியாத அரண்மனைச் சுவரில் அவர் படம்! பிறகு உதயகிரிக்குத் திரும்பிச் சிற்றாலயத்தைப் பாருங்கள். அவர் அருகில் மனைவி மார்கரெட்டும், களக்காட்டில் மாண்ட மகனும் உறங்குகின்றனர். மேலே கூரை இல்லை. மழை பெய்தால் மூவர் கல்லறையும் நனையும்.