பட்டம் பெறாத பொறியியலாளர் ஹென்றி றொய்ஸ்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் பல தசாப்தங்கள் ஓடியதை நாம் அறிவோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் அரிதானபோது, சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர் நம்மவர். அமுக்க விகிதம் குறைந்த அவ்வெஞ்சின்கள் அதற்கு இடங்கொடுத்தன. அவற்றைப் பழுதுபார்த்தவர்களுட் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் சென்றவர்கள் அல்லர். பிரித்தானியக் கார்களுள் தலையாயதெனப் போற்றப்பட்ட றோல்ஸ் றொய்ஸை உருவாக்கியவரும் அவர்களைப் போன்ற ஒருவரே.

ஹென்றி றொய்ஸ் 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆல்வோல்ற்றன் கிராமத்தில், மாவாலை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். தொழில் நொடித்துப்போன தந்தையை ஒன்பது வயதில் இழந்த அவர், பத்திரிகை விற்றும் தந்தி விநியோகித்தும் பிழைத்தார். அத்தை பணம் கட்டியதால் புகையிரதத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். அப்பணம் நின்றபோது பயிற்சியும் இடையில் நின்றது. எனினும் இரவு வகுப்புகளில் மின்னியல் கற்று, 1884இல் நண்பர் ஒருவருடன் மன்செஸ்ரரில் சிறு மின்சாதனத் தொழிலகமொன்றைத் தொடங்கினார்.

தாம் வாங்கிய பிரெஞ்சுக் காரின் குறைபாடுகள் அவருக்குப் பொறுக்கவில்லை. அவற்றைக் களைந்து 1904இல் சொந்தமாகக் கார் செய்தார். அதன் அமைதியான ஓட்டத்தில் மனம் பறிகொடுத்த செல்வந்தர் சாள்ஸ் றோல்ஸ், அவருடன் கைகோத்தார்.

அக்காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் நீண்ட சுழல்தண்டு முறுகி அதிர்வதும், சில வேளைகளில் முறிவதும் வழக்கம். றொய்ஸ் அதனைத் தடிப்பாக்கி, ஏழு தாங்கிகளில் நிறுத்தி, எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தினார். இவ்வாறு உருவான 'சில்வர் கோஸ்ற்' 1907இல் 15,000 மைல் சோதனை ஓட்டத்தை நிறைவுசெய்தது. ஓட்டம் முடிந்து பிரித்துப் பார்த்தபோது, அதனைப் புதிதுபோலாக்கத் தேவைப்பட்ட உதிரிப்பாகங்களின் பெறுமதி இரண்டு பவுணைச் சற்றே தாண்டியது.

ஊண் உறக்கம் மறந்த உழைப்பு அவரது உடல்நலத்தைக் குலைத்தது. 1911இன் பின்னர் தொழிற்சாலையிலிருந்து விலகி வாழ்ந்தபோதிலும், வீட்டிலிருந்தே வரைபடங்களை மேற்பார்வை செய்தார். விமான எஞ்சின்களையும் வடிவமைத்தார். 1930இல் 'சேர்' பட்டம் பெற்ற பின்னரும் தம்மை ஒரு மெக்கானிக் என்றே கருதிய அவர், 1933இல் காலமானார்.

கைத்திறன் மனிதரோடு வாழ்வது. அவர்கள் பெயர்ந்தால் அதுவும் பெயர்ந்துவிடும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவர்களது இரும்புக் கடைகளோடு தலைமுறை அனுபவமும் போயிற்று. புலம்பெயர்ந்த தமிழரோடும் எத்தனையோ திறன்கள் போயின. எஞ்சியிருப்பதை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது நம் கடன். பட்டப்படிப்பு வேண்டாமென நாம் கூறவில்லை. உயர்தரப் பரீட்சையில் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகாத பிள்ளையைத் தோற்றவனாகக் கருதும் மனப்பாங்கே மாறவேண்டும். கராஜில் எண்ணெய் படிந்த கைகளோடு நிற்கும் இளைஞனுக்கும் நம் சமூகம் உரிய மதிப்பளிக்குமானால், அதுவே றொய்ஸின் வாழ்விலிருந்து நாம் பெறும் பயனாகும்.