விடியலை அறிவித்தவர்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் நம் கடற்கரை ஊர்களில் நோன்பு மாதம் பிறந்துவிட்டால், ஸஹர் உணவுண்போர் அனைவரும் சுபஹுடைய பாங்கிற்குச் செவி சாய்த்திருப்பர். பாங்கொலி எழுந்ததும் உண்ணலும் பருகலும் நின்றுவிடும். அன்றைய மதீனாவில் இந்த எல்லையை ஊருக்கு உணர்த்தியவர் கண்பார்வை இல்லாத ஒருவர். அவரே அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அம்ர் என்பதே அவர் பெயர் என்பாரும் உளர்.

மக்காவிற் பிறந்த இவர், கதீஜா நாயகியாரின் தாய்மாமன் கைஸின் மகன். ஆதியிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களுள் ஒருவர். ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, இவர் இடையே வந்து தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். நாயகமவர்கள் முகஞ் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். சுளித்த முகத்தை அந்த விழியிழந்தவர் கண்டிருக்க முடியாது. ஆயினும் அதனைச் சுட்டிக் கண்டித்துத் திருமறையின் 80ஆம் அத்தியாயம் இறங்கிற்று. செல்வாக்குடையோர் சபையைவிட, தேடிவந்த ஒருவரின் கல்வி வேட்கைக்கு அங்கே உயர்ந்த இடம் அளிக்கப்பட்டது.

நம்மவர் சொற்பொழிவுகளில் அவர் வரலாறு பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. இரக்கத்திற்கு எடுத்துக்காட்டாக அவரை நிறுத்திவிட்டு அப்பாற் போய்விடுகின்றோம். அவர் ஆற்றிய பணிகளோ இதற்குப் பின்னரே பெருகுகின்றன.

மதீனாவாசிகளுக்குத் திருக்குர்ஆன் ஓதிக்கொடுக்க முதன்முதலிற் சென்ற இருவருள் இவர் ஒருவர். மற்றவர் செல்வச் செழிப்பில் வளர்ந்த முஸ்அப் இப்னு உமைர். பின்னர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பு பிலாலுக்கும் இவருக்குமாகப் பகிரப்பட்டது. நோன்புக் காலத்தில் பிலாலின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும்; உறங்குவோரை எழுப்புவதற்கு அது. இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம் என்பது நாயகத்தின் கட்டளை. கீழ்வானம் வெளுத்ததை இவர் எவ்வாறு அறிவார்? விடிந்துவிட்டது என்று பிறர் வந்து சொல்வர். கேட்டவுடன் இவர் குரலெழுப்புவார். பார்த்துச் சொல்ல ஊரில் ஆயிரம் கண்கள் இருந்தன. அப்பதவியை வேறொருவர்க்கு மாற்றிக் கொடுப்பதைவிட, அவருக்குத் துணையாக நாலு வார்த்தை சொல்வது எளிதென அச்சமுதாயம் கண்டது.

தாம் படையெடுத்துச் சென்ற காலங்களில் நாயகமவர்கள் மதீனாவின் பொறுப்பைப் பலமுறை இவரிடமே ஒப்படைத்தார்கள். பதின்மூன்று முறை என்று எண்ணிச் சொல்வோருமுண்டு. அந்நாட்களில் தொழுகைக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

தமக்கு வழிகாட்டத் தகுந்த ஆளில்லை, வழியிலோ நச்சுப் பிராணிகள் மிகுதி, வீட்டிலேயே தொழலாமா என்று ஒருமுறை இவர் கேட்டார். பாங்கு காதில் விழுகிறதா என வினவிய நாயகமவர்கள், விழுகிறதென்றதும், அவ்வாறாயின் வரவேண்டும் என்றார்கள். இதன் சட்டப்பொருள் பற்றி அறிஞரிடையே வேறுபட்ட கருத்துக்கள் உள. எனினும் அழைப்பு அவருக்கும் உரியது என்பதில் ஐயமில்லை. இன்று நம் ஊர்களில் வலதுகுறைந்தோருக்கும் பாங்கு கேட்கிறது. சக்கர நாற்காலி ஏறமுடியாத படிகள் உள்ள பள்ளிவாசலில் அவர்கள் என்ன செய்வர்? வெள்ளிக்கிழமை வாசலில் கைநீட்டுவோராகக் காணும் அவர்களை உள்ளே முன்வரிசையில் எத்தனைபேர் கண்டிருக்கின்றோம்? சகோதரிகளின் திருமணம் தடைப்படுமென்றஞ்சி அவர்களை விருந்தினர் கண்ணிற் படாமல் வைக்கும் வீடுகளும் உண்டு. அவர்தம் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் நுழைவு வசதி பற்றி 2006ஆம் ஆண்டு விதிகளும் இந்நாட்டில் வந்துவிட்டன.

போர் விடயத்திலோ நிலை வேறு. அறப்போரில் ஈடுபடுவோரின் சிறப்பைக் கூறும் வசனத்தை ஸைத் இப்னு ஸாபித் எழுதிக்கொண்டிருந்தபோது, தம்மால் இயலுமாயின் தாமும் செல்வேனே என இப்னு உம்மி மக்தூம் ஏங்கினார். உடற்குறையுடையோர்க்கு விலக்களிக்கும் சொற்கள் அப்போதே இறங்கி அவ்வசனத்திற் சேர்ந்தன.

அந்த விலக்கை அவர் பயன்படுத்திக்கொண்டாரா? கலீஃபா உமரின் காலத்தில், கி.பி. 636ஆம் ஆண்டளவில், பாரசீகரோடு நிகழ்ந்த காதிஸிய்யாப் போரில், கவசமணிந்து கையில் கறுப்புக் கொடியேந்தி நின்ற அவரை அனஸ் (ரலி) கண்டிருக்கிறார். கொடி பிடிப்பவனுக்கு ஓடத் தேவையில்லை. நின்ற இடத்தில் நின்றாற் போதும். அக்களத்திலேயே அவர் வீழ்ந்தார் என்பர் சிலர். மதீனா திரும்பிய பின்னரே மறைந்தார் என்பர் வேறு சிலர்.